இரண்டு தட்டு

சுருளிவேல் ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு, கார் கதவில் படார் படார் என்று இரண்டு தட்டுத் தட்டினான்.

இரண்டு தட்டினால் போ. ஒன்று தட்டினால் நில். எஸ்டேட் தேயிலை லாரியில் கிளீனராக இருப்பவனின் கை அது. ஜெர்மன்காரனின் காரில் உட்கார்ந்தாலும் மாறவில்லை.

முன்னால் எங்கோ கம்பம் பஸ் போய்க்கொண்டிருந்தது. அதில் அவன் பெண்டாட்டி ராமுத்தாய், துணி மூட்டையோடு.

"நீ அந்த லாரியவே கட்டிக்கிட்டு அழு. நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்று விடியலில் கிளம்பியவள். பஸ் குமுளி எல்லைச் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் தீர்ந்தது. அவள் அண்ணன்மார் திருப்பி அனுப்புகிற ஆட்கள் இல்லை.

வண்டிப்பெரியாரில் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி ஓடித் தோற்று நின்றவனுக்குக் கதவைத் திறந்துவிட்டவன் இந்த ஜெர்மன்காரன். எஸ்டேட் பங்களாவின் விருந்தாளி. தன் ஊரிலிருந்து ரோடு வழியாகவே ஓட்டி வந்திருந்தான்.

ஸ்டீயரிங் இடது பக்கம். எதிரே வருவது வலது பக்கம் இருக்கிற சுருளிவேலுக்குத்தான் தெரியும். அவன் தட்ட வேண்டும், வெள்ளைக்காரன் மிதிக்க வேண்டும். இருவருக்கும் நடுவில் பாஷை அவ்வளவுதான்.

மிதித்தான்.

ஒன்றும் நடக்கவில்லை.

பார்வைக்கு மட்டும்தானா இது என்று நினைப்பதற்குள் எஞ்சினுக்குள் ஒரு விசில் எழுந்தது. யாரோ முதுகில் எட்டி உதைத்த மாதிரி கார் பாய்ந்தது. அதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது. வெள்ளைக்காரன் பதறிக் காலை எடுக்க, பின்பக்கம் வழுக்கிப்போய்த் தேயிலைச் செடியைத் தடவிவிட்டு வந்தது.

சுருளிவேலுக்கு உயிர் போய் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

"சொன்ன ஒடனே கேக்காது. கேட்டுட்டா நிக்காது. எம் பொண்டாட்டியேதான்!"

"டர்போ! டர்போ!" என்று வெள்ளைக்காரனும் கத்தினான்.

பிடிபட்டுவிட்டது. இந்த வண்டிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். அடுத்த வளைவின் நடுவிலேயே தட்டினான். விசில் எழுந்தது. ரோடு நிமிரவும் உதை விழவும் சரியாக இருந்தது.

அப்புறம் மலையே பின்னால் ஓடியது.

பஸ் தெரிந்தது. ஹாரன் அடித்தும் ஒதுங்கவில்லை. முன்னால் இடது பக்கம் ஒடிகிற வளைவு. நீள வண்டி அங்கே வலது ஓரம் வரைக்கும் போய்த்தான் திரும்பும். இவன் லாரியும் தினம் அப்படித்தான். உள்பக்கம் ஒரு கார் நுழைகிற இடம் திறக்கும்.

இடது பக்கம் கை காட்டினான். இடம் திறப்பதற்கு முன்பே தட்டினான்.

உதை வந்தது. கார் உள்ளே புகுந்தது. பஸ்ஸின் தகரம் கையெட்டும் தூரத்தில். எட்டி, ஓங்கி, ஒரே ஒரு தட்டு.

வாசலில் நிற்கிற தன் கிளீனர்தான் தட்டினான் என்று பஸ் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார்.

கார் நிற்பதற்குள் இன்னொரு வளைவு தாண்டிவிட்டது. சுருளிவேல் குதித்து இறங்கித் திரும்பி ஓடினான்.

வளைவுக்கு அந்தப் பக்கம் தகரத்தில் இரண்டு தட்டு விழுவது கேட்டது.

பஸ் வந்தது. கையைத் தூக்கினான். டிரைவர் மலையாளத்தில் திட்டிக்கொண்டே போய்விட்டார்.

போச்சு. வளைவு வரைக்கும் நடந்தான்.

ராமுத்தாய் ரோட்டோரம் நின்றாள், இடுப்பில் மூட்டையோடு.

"ஒந் தட்டு எனக்குத் தெரியாதாய்யா?" என்றாள்.

உள்ளங்கையில் ஒட்டியிருந்த பஸ் புழுதியை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.