ஒட்டி மூடிய பக்கங்கள்

"இந்தப் புஸ்தகத்த நாசம் பண்ணுனது யாரு?"

லிங்கம் கேட்ட கேள்வியில் பிள்ளை மடுவம் அடங்கிப்போனது. கொழுந்தெடுக்க மலைக்குப் போன தாய்மார் விட்டுப்போன இருபது குழந்தைகளும் அவரையே பார்த்தன.

ஆயா கனகம் எழுந்து நின்றாள். "நான்தாங்க ஐயா."

லிங்கம் ஹாலிஎலவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தின் கணக்கப்பிள்ளை. பத்து வருஷமாக அவர் காத்திருந்த பெரிய கணக்கப்பிள்ளை வேலை, அன்று காலைதான் ஹல்துமுல்லையிலிருந்து வந்த வேறொருவனுக்குப் போயிருந்தது. கிடைத்தே விட்டது என்று நம்பி, பதுளையில் லத்தீப் கடையில் பெரிய கணக்கப்பிள்ளைமார் போடும் கறுப்புக் கோட்டு ஒன்றும் தைத்து வாங்கிவிட்டார் மனுஷன். அது இப்போது பெட்டிக்குள் கிடந்தது. யார் மேலாவது எரிந்து விழாவிட்டால் அவருக்கு அன்று சோறு இறங்காது.

வாகாக அகப்பட்டது புத்தகம். துரைசாணி சீமைக்குப் போகும்போது மடுவத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன படப் புத்தகம் அது. மாதக் கடைசியில் தோட்டத்துச் சாமான்களைப் பார்த்து துரைக்கு எழுதித் தருவது லிங்கத்தின் பொறுப்பு. ஒவ்வொரு தாளின் முன்பக்கத்திலும் வண்ணப் படம் பளிச்சென்று இருந்தது. திருப்பினால், கடையில் சாமான் சுற்றித் தரும் பழுப்புக் காகிதத்தை ஒட்டி மூடியிருந்தது. அதன்மேல் அடுப்புக்கரிக் கிறுக்கல் வேறு.

இதை எழுதிக் கொடுத்தால் துரை கனகத்தின் பேரை வெட்டிவிடுவார். அது இருவருக்கும் தெரியும். தேயிலை ஸ்டோரில் இலை உருட்டும் யந்திரத்துக்கு இடது கை விரல் மூன்றைக் கொடுத்தவள் அவள். இனிக் கொழுந்தெடுக்க முடியாது. மடுவத்து வேலையும் போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவையும் விட்டுப் போகவேண்டியதுதான். தெரிந்தும் லிங்கம் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

எழுதுமுன் ஒரு தாளை நகத்தால் கிளறிப் பார்த்தார். முன்பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமியின் பொம்மை ஆற்றில் விழுகிறது. மூடிய பக்கத்தில் அவளுடைய அப்பா, அதைவிடப் பெரிய பொம்மையோடு வாசலில் நிற்கிறார்.

"இம்புட்டு நல்ல படத்த ஏன் மூடுன?"

"மொத நாளு அதையும் காட்டுனேங்க" என்றாள் கனகம். "மறுநாள்லருந்து இந்தப் புள்ள பாக்கியலெட்சுமி வாசப்படிய விட்டு எந்திரிக்கல. அவ அப்பன் போன மழையில மண்ணு சரிஞ்சு செத்தவன். பொம்மையோட வருவான்னு மூணு நாளு ரோட்டயே பாத்துக்கிட்டு இருந்தா, ஐயா. ஒரு வாய் கஞ்சி குடிக்கல."

புத்தகம் முழுக்க அப்படித்தான் இருந்தது. மழையில் விளையாட்டு கெட்டால் திருப்பிய பக்கத்தில் வெயில். கேக் கீழே விழுந்தால் திருப்பிய பக்கத்தில் இன்னும் பெரிய கேக். லயத்துப் பிள்ளைக்கு அப்படி எதுவும் வந்து சேர்வதில்லை. ஆகவே கனகம் சோற்றுக் கஞ்சியைத் தடவி அத்தனையையும் மூடிவிட்டாள். முன்பக்கத்தை மட்டும் காட்டி, இனி இந்தப் பிள்ளை என்ன செய்யலாம் என்று கேட்பாள். யார் சொன்னது எல்லோருக்கும் பிடிக்கிறதோ, அந்தக் குழந்தை பின்பக்கத்துக் காகிதத்தில் அதைக் கரித்துண்டால் வரையும்.

லிங்கம் அப்போதுதான் கிறுக்கலை உற்றுப் பார்த்தார். பொம்மை போன பிள்ளை, சோளக்கதிருக்குச் சேலைத்துண்டு சுற்றி மடியில் வைத்திருந்தது. மழைப் படத்துக்குப் பின்னால், ஒரே கம்பளிக்குள்ளிருந்து நாலு தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அவருக்குச் சிரிப்பு வரும்போல் இருந்தது. விரல் இல்லாத கையை வைத்துக்கொண்டு இவள் இவ்வளவையும் ஒட்டியிருக்கிறாளே என்று நினைத்தார். தனக்கு இந்த யோசனை ஆயுசுக்கும் தோன்றியிருக்காது என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டார்.

யாரோ வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். பாக்கியலெட்சுமிதான். யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மடுவத்துக்குள் வந்தாலும் இந்தப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதைத்தான் அவள் கேட்டாள்.

"ஐயாவுக்கு என்ன கெடைக்கல?"

கனகம் பதறிப்போய்ப் பிள்ளையைப் பின்னால் இழுத்தாள். லிங்கம் கையமர்த்தினார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. ஒரு கோட்டு வாங்கியதையும், போட முடியாமல் போனதையும் சொல்லிவிட்டார்.

"சின்னதாப் போச்சா?"

"இல்ல."

"கிழிஞ்சு போச்சா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

பாக்கியலெட்சுமி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப போட்டுக்குங்க. காலையில குளுருதில்ல?"

லிங்கம் பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார்: 'படப் புத்தகம் நல்ல நிலையில் இருக்கிறது. ஆயாவுக்குப் பழுப்புக் காகிதம் நான்கு தாள் தேவை.'

மறுநாள் விடியலில், பெரட்டுக் களத்தில் ஆட்கள் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையாக நின்றார்கள். மூடுபனிக்குள்ளிருந்து புதுக் கறுப்புக் கோட்டோடு வந்து சேர்ந்தார் லிங்கம். வரிசை முழுக்க முணுமுணுத்தது. கங்காணி ஒருவர் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார்.

"பெரிய வேலை கடைசியில ஐயாவுக்கே ஆயிருச்சுங்களா?"

"இல்ல கங்காணி" என்றார் லிங்கம், பொத்தானைப் போட்டுக்கொண்டே. "குளுருது."