எட்டு எம்எம் கம்பி

நேற்று கான்கிரீட் போட்ட தன் வீட்டுத் தளத்துக்குக் கீழே, முட்டுக் கம்புகளுக்கு நடுவில் ரெக்சன் நிற்கிறான். கையில் ஒரு சாண் நீள எட்டு எம்எம் கம்பி, தளத்துக்குக் கட்டியது போக மிஞ்சிய துண்டு. இரு முனையிலும் பழைய லுங்கித் துணியைச் சுற்றுகிறான். கருவி இல்லாமல் கைபலத்தால் இரும்பு வளைக்கப் பழகுகிறான்; நாலு அங்குல ஆணியை வளைக்க ஒரு மாதம் ஆனது, ஆறு அங்குலத்துக்கு மூன்று மாதம். ஹார்பரில் பொறுக்கிய எட்டு எம்எம் கம்பிதான் கிறிஸ்மஸிலிருந்து அசைந்து கொடுக்கவில்லை. வீட்டைக் கட்டித் தரும் மச்சான் ஜாய்சன், வாய் நிறைய வெற்றிலையோடு செல்போனில் படமெடுக்கிறான்.

ரெக்சன் பல்லைக் கடித்து அழுத்துகிறான். கம்பி ஊறிய பனைநார் மாதிரி மடங்கி, முனையோடு முனை முட்டுகிறது.

“சாதிச்சிட்டீரே மாப்ள.” ஜாய்சனின் தாடையில் சிவப்பு எச்சில் வழிகிறது.

ரெக்சனுக்குக் கை வலிக்கவே இல்லை. பையிலிருந்து ஹார்பர் கம்பியை எடுத்து அதே துணியைச் சுற்றி அழுத்துகிறான். உள்ளங்கைத் தோல் உரிகிறது, கம்பி அப்படியே இருக்கிறது. தலையை உயர்த்தித் தளத்தைப் பார்க்கிறான்.

“தளம் பூராவும் இந்தக் கம்பிதானா மச்சான்?”

ஜாய்சனின் வாய் மெல்லுவதை நிறுத்துகிறது. பிறகு சுவரோரமாகத் துப்பிவிட்டு, “வீடியோ நல்லா வந்திருக்கு, பாரும்” என்று நீட்டுகிறான். திரையில் கம்பி மறுபடி மடங்குகிறது.

“ஏங்க, பாத்தி நெறைஞ்சிட்டு. இன்னும் ஒரு கொடம் ஊத்தவா?” புதுத் தளம் காயாதிருக்க மேலே பாத்தி கட்டித் தண்ணீர் ஊற்றும் மனைவி ஜெர்லின் கேட்கிறாள். சாம்பல் நிறத் தண்ணீர் ஒரு சொட்டு அவன் பிடரியில் விழுகிறது.

“எறங்கி வாளா” என்கிறான் ரெக்சன்.