இடது முறுக்கு

"வண்டியை இந்த லட்சணத்துலயா வச்சிருப்பான்? இதைவிட மாட்டுக்கொட்டகை சுத்தமா இருக்கும்."

செத்துப்போன தம்பியைத் திட்டிக்கொண்டே டிராக்டரின் மூடியைத் தூக்கினார் அண்ணன்காரர். ஊரறிந்த மெக்கானிக். பாகப் பிரிவினையில் இந்தப் பழைய பெட்ரோல் டிராக்டர் தம்பிக்குப் போன நாளோடு பேச்சு முறிந்தது. வருஷம் ஒன்பது ஆகிறது. போன மாசம் சாவுக்குக்கூட வாசலோடு வந்து திரும்பிவிட்டார்.

தம்பி மனைவி பக்கத்தில் நின்று ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். மழைக்கு முன்னால் உழுதாக வேண்டும். இல்லையென்றால் நிலம் இந்த வருஷம் தரிசுதான். அதற்காகத்தான் தயக்கத்தை விழுங்கிக்கொண்டு இவர் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தாள்.

"தீப்பொறி குடுக்கிற காயில் எரிஞ்சிருக்கு. புதுசு இருக்கா?"

"இருக்கு மாமா. எப்பவும் ஒண்ணு வாங்கி வச்சிருப்பாரு."

மாட்டினார். காயிலுக்குள் மின்சாரம் ஓடும்படி பாயிண்ட்டை மூடி வைத்து, சாவியைத் திருப்பச் சொல்லி மீட்டரை வைத்தார். பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட். சரி. காயிலில் ஆறோ ஏழோ காட்ட வேண்டும். அங்கேயும் பன்னிரண்டு.

"நிறுத்து, நிறுத்து. அப்படியே பன்னிரண்டும் வந்து விழுந்தா காயில் எப்படிம்மா தாங்கும்? வோல்ட்டைக் குறைக்கத்தான் நடுவுல ரெசிஸ்டர் இருக்கு. அதைத் தாண்டி எந்தப் புத்திசாலியோ..."

மீட்டரைக் கீழே வைத்தார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா."

அவள் போனதும் மீட்டர் பலகைக்குப் பின்னால் கையை விட்டார். தேடவே வேண்டியிருக்கவில்லை. ரெசிஸ்டரின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கட்டிய ஒரு துண்டு ஒயர். அதன் டேப்பை யாரோ பிரித்துப் பார்த்துவிட்டு, மறுபடி பத்திரமாகச் சுற்றியிருந்தார்கள். டேப்பை அவிழ்த்தார். உள்ளே ஒயரின் முறுக்கு இடப்பக்கமாகப் போயிருந்தது.

அவர் இடதுகைக்காரர்.

வண்டி கைமாறுவதற்கு முந்தின நாள், 'எனக்கு இல்லாதது அவனுக்கும் உதவக் கூடாது' என்று பல்லைக் கடித்துக்கொண்டு போட்ட முறுக்கு. ஒரு காயில் எரியும், யாராவது கண்டுபிடித்துப் பிடுங்கி எறிவார்கள், அதோடு சரி என்றுதான் நினைத்திருந்தார்.

தண்ணீரோடு ஒரு தகர டப்பாவையும் கொண்டுவந்து வைத்தாள் அவள். உள்ளே ஏழு காயில்கள். ஏழும் கருகியவை.

"இதுல எதுனா உதவுமா பாருங்க மாமா."

அவர் தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"இத்தனை எரிஞ்சிருக்கு. வந்த மெக்கானிக் ஒருத்தன்கூடவா காரணம் சொல்லலை?"

"எல்லாருமே சொன்னாங்க. அந்த ஒயரை எடுத்தா தீர்ந்துதுன்னு. அவருதான் ஒருத்தரையும் தொட விடலை."

"ஏன்?"

அவள் அவர் கையைப் பார்த்தாள். இடது கை.

"அண்ணன் போட்ட முறுக்கு, அண்ணனே வந்து அவிழ்க்கட்டும்னுட்டாரு. வண்டி நின்னுபோச்சுன்னு காதுல விழுந்தா, திட்டவாவது வந்துதானே ஆகணும்னு சொல்லுவாரு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வண்டி நின்ன அன்னைக்கெல்லாம் ராத்திரிகூட வாசல் கேட்டைப் பூட்ட விட மாட்டாரு மாமா."