கட்டிலில் போட்ட ஓட்டு

பிழைக்க மாட்டார்கள் என்று மருத்துவர் கைவிட்டவர்கள், அடுத்த தேர்தலுக்கான ஓட்டை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே போட்டுவிட்டுப் போகலாம். அந்த ஓட்டுகளால்தான், வீட்டுக்கே டயாலிசிஸ் மெஷின் தருவதாகச் சொன்ன குட்டிக் கட்சி யாரும் எதிர்பாராமல் ஜெயித்தது.

இத்தனை நாள் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அலைந்த ஜெசிந்தா, மெஷின் வந்த அன்று ஊசிக்குக் கையை நீட்டியபடி கேட்டாள்: "எம்மா, அப்பா யாருக்குப் போட்டிருப்பாவ?"

"ஒங்கப்பாவா? செத்தாலும் கட்சி மாற மாட்டேம்பாவளே. நாய்க்குக்கூட கொடி கலர்லதான வார் வாங்குவாவ."

சொல்லிச் சிரித்த பிலோமினாவுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. ஓட்டுப்பெட்டி கட்டிலுக்கு வந்த அன்று, கணவர் கில்பர்ட் அவளை டீ வாங்கிவர அனுப்பினார். அவள் திரும்புவதற்குள் பெட்டி போயிருந்தது. டீயை அவர் தொடவேயில்லை.

மெஷின் ஓடத் தொடங்கியது.

"மாறிட்டாவளோ," என்றாள் பிலோமினா.