காரணம் என்ற கட்டம்

மொட்டை மாடியில் செவ்வந்தி துணி எடுத்துக்கொண்டிருந்தபோது டேட்டிங் பாதுகாப்பு வாரியத்திலிருந்து போன் வந்தது. ஜெயந்தன் புதிதாக ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறானாம். சட்டப்படி பழைய காதலி சான்று தர வேண்டுமாம். அவள் கையிலிருந்த கிளிப் நழுவியது. மேகங்கள் இறங்கி வந்து காது கொடுத்தன.

“அடிச்சிருக்காராம்மா?”

“ஐயோ, இல்லைங்க.”

“பொய்?”

“நான் வச்ச ரசம் நல்லாருக்குன்னு சொல்லுவான்.”

“அதை மன்னிச்சிடறோம். தொந்தரவு?”

“மழை வந்தா போன் பண்ணி, ‘கேளு’ன்னு ஜன்னலுக்கு வெளியே நீட்டுவான். அவ்வளவுதான்.”

அதிகாரி தட்டச்சு செய்யும் சத்தம் நின்றது. “அப்புறம் ஏம்மா பிரிஞ்சீங்க?”

செவ்வந்தி யோசித்தாள். தோளில் போட்டிருந்த ஈரத் துப்பட்டா காற்றில் மிதந்தது. காரணம் மட்டும் அகப்படவில்லை.

“ஞாபகம் இல்லைங்க.”

“படிவத்துல ‘காரணம்’ங்கிற கட்டத்தைக் காலியா விடக் கூடாதும்மா. மூணு மாசம் அவகாசம், யோசிச்சுச் சொல்லுங்க. அதுவரைக்கும் அவர் புதுசா யாரையும் பார்க்க முடியாது.”

“பழைய ஆளை?”

“உங்க ரெண்டு பேரையும் முதல்ல பழகினப்பவே விசாரிச்சாச்சே. உங்களுக்கு அனுமதி தேவையில்லம்மா.”

முதல் தூறல் விழுந்தது. செவ்வந்தி ஜெயந்தனின் எண்ணை அழுத்தினாள். அவன் எடுத்ததும் போனை வானத்தை நோக்கி நீட்டினாள்.