பல் டாக்டரின் ரம்பம்

"பல்லு பிடுங்க இவ்வளவு பெரிய ரம்பமா டாக்டர்?"

மேளக்காரம்மா கேட்டதும் அறையே சிரித்தது. பகலில் அவளுக்குத் தையல் கடை. மெஷினைவிட வாய் வேகம்.

பல் டாக்டரும் சேர்ந்து சிரித்தார். ஒரு கையில் ரம்பம். மரம் அறுக்கிற அதே ரம்பம்தான். இன்னொரு கையில் வயலின் வில்.

சைக்கிள் கடைக்கு மேலே உள்ள அறை. சனிக்கிழமை சாயந்திரம் நாட்டுப்பாட்டுக் குழு கூடும் இடம். வயல் பாட்டு, ஓடப் பாட்டு, தாலாட்டு என்று பாடுவார்கள். புதிதாகச் சேர வருகிறவர் ஒரு பாட்டோடு சேர்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு எல்லாரும் கையைத் தூக்கி முடிவு சொல்வார்கள்.

"ரம்பம் போட இங்க ஏற்கெனவே ஆள் இருக்கே" என்று முணுமுணுத்தான் குழல்காரன்.

அது பெட்டிக்காரருக்கு. குழுவை ஆரம்பித்தவர் அவர். ஆர்மோனியப் பெட்டி அவருடையது. பேச்சும் பெரும்பாலும் அவருடையது.

"இதுல பாட்டு வருமா?" என்றார் பெட்டிக்காரர்.

"வரும் சார். வீட்ல வாசிச்சா நாய் ஊளையிடுது. வீட்டுக்காரி அதுக்கு மேல. மூணு குழுவுல கேட்டுப் பாத்துட்டேன், கதவச் சாத்திட்டாங்க. நீங்களும் வேண்டாம்னா இத மரக்கடைக்குக் குடுத்துட வேண்டியதுதான்."

விளையாட்டாகத்தான் சொன்னார். முகம் விளையாடவில்லை.

"போன வாரம் ஒரு வயலின் பொண்ணையே திருப்பி அனுப்பிட்டோம். யோசிச்சுக்குங்க" என்றான் குழல்காரன்.

உண்மைதான். அந்தப் பெண் நன்றாகத்தான் வாசித்தாள். முடித்துவிட்டு, "சார், உங்க பெட்டியில..." என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான். மேளக்காரம்மா மேளத்தைப் போட்டு வெளுத்துவிட்டாள். பெண்ணின் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. கடைசியில் ஒரு கையும் உயரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே படி இறங்கிப் போனாள்.

டாக்டருக்கு இதெல்லாம் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்தார். ரம்பத்தின் பிடியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கினார். நுனியைப் பிடித்து வளைத்தார். பல் இல்லாத விளிம்பில் வில்லை இழுத்தார்.

சிரிப்பு நின்றது.

யாரோ தூரத்தில் வாயை மூடிக்கொண்டு பாடுவது போல ஒரு குரல்.

"அட!" என்றார் பெட்டிக்காரர். "சரி, ஓடப் பாட்டு. எல்லாரும் வாங்க."

முதல் அடி சுகமாகப் போனது. இரண்டாவது அடியில் பாட்டு உச்சிக்கு ஏறும். அங்கே பெட்டியும் ரம்பமும் முட்டிக்கொண்டன. சோற்றில் கல்லைக் கடித்த மாதிரி இருந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! அந்த இடத்துல நீங்க மேல போயிட்டீங்க. சுருதி சேரல."

டாக்டர் பெட்டியைப் பார்த்தார். பெட்டிக்காரரைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

மேளக்காரம்மா குச்சியைக் கையில் எடுத்தாள்.

"மன்னிக்கணும் சார்" என்றார் டாக்டர். "கை நடுங்கிடுச்சு. இன்னொரு தடவ வாசிக்கட்டுமா?"

குச்சி கீழே போனது.

மறுபடி அதே அடி. அதே இடம். டாக்டர் ரம்பத்தின் வளைவை ஒரு துளி தளர்த்தினார். பெட்டியும் ரம்பமும் கைகோத்துக்கொண்டு போயின.

"இதுதான்! சொன்னா கேட்டுக்கற மனுஷன்!" பெட்டிக்காரர் கையைத் தூக்கினார். குழல்காரன் தூக்கினான். பாடுகிறவர்கள் எல்லாரும் தூக்கினார்கள். மேளக்காரம்மா இரண்டு கையையும் தூக்கினாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூசி ஒன்றும் இல்லை.

எல்லாம் முடிந்து ரம்பத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கும்போது மேளக்காரம்மா பின்னாலேயே வந்தாள்.

"கை நடுங்கிச்சா டாக்டர்? நடுங்கற கைகிட்ட யாரு வாயத் திறப்பா?"

டாக்டர் ஒரு தடவை மேலே பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேம்மா. அவர் பெட்டியில அந்த ஒரு சுரம் இறங்கியிருக்கு. பாவம், அவருக்கே தெரியல. நீங்க எதுவும் சொல்லிடாதீங்க."

"எங்க எல்லாருக்கும் தெரியும். வருஷக்கணக்கா கொஞ்சங்கொஞ்சமா இறங்குச்சு. அவர் காதும் கூடவே இறங்கிடுச்சு. அதனால நாங்களும் இறங்கித்தான் பாடறோம்."

டாக்டர் படியிலேயே நின்றுவிட்டார்.

"அப்போ அந்த வயலின் பொண்ணு?"

"நல்ல பொண்ணுதான். ஆனா எல்லார் முன்னாடியும் போட்டு உடைக்கப் பாத்துச்சே. என்ன பண்ணச் சொல்றீங்க?"

டாக்டர் யோசித்தார். கெட்டுப்போனதைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாத தொழில்.

"அவருக்குத் தெரியாம பெட்டிய ரிப்பேர் பண்ணிடலாமேம்மா. சின்ன வேலைதானே?"

"பண்ணோமே! அன்னிக்கு வாசிச்சுப் பாத்தாரு, சரியான சுரமே அவருக்குத் தப்பாக் கேட்டுச்சு. 'என் காது போயிடுச்சு, இனிமே எனக்கு என்ன பாட்டு'ன்னு பெட்டிய மூடிட்டாரு. ஒரு மாசம் வீட்டு வாசலத் தாண்டல. சாப்பாடுகூட சரியா இல்லைன்னு அவர் மருமக வந்து அழுதுச்சு."

"அப்புறம்?"

மேளக்காரம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அப்புறம் என்ன? ரிப்பேர்காரர் கையக் காலப் பிடிச்சு, அந்தச் சுரத்த மறுபடியும் கெடுத்து வெச்சோம்."