மூன்றாம் வளைவில் குலவை

பச்சைமலைச் சாலை சைக்கிள்காரர்களுக்கான அமைதிச் சாலையானதும் பஸ் நின்றுபோயிற்று. வளைவுக்கு வளைவு ஒரு கம்பம் சத்தத்தை அளந்தது; அளவு மிஞ்சினால் சிவந்தது. மலைச்சனங்களும் பயந்து குரலைத் தாழ்த்தியே பழகிவிட்டார்கள்.

அன்று செம்பாயி, நிறைமாத அண்ணி பவளக்கொடியைத் தூளி கட்டி ஆட்களோடு ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு போனாள். கீழிருந்து மூன்றாம் வளைவில் வரும்போதே பெண்குழந்தை பிறந்து வீறிட்டது.

"தயவுசெய்து சத்தத்தைக் குறைக்கவும்" என்றது கம்பம்.

ஏறி வந்த சைக்கிள்காரப் பெண் பதறி இறங்கினாள்.

"அக்கா, மெதுவா! எல்லாக் கம்பமும் செவந்துட்டா, இது அமைதிச் சாலையே இல்லன்னு மறுபடி பஸ்ஸை விட்டுருவாங்க."

"பொறந்த புள்ளைக்கு மெதுவா அழத் தெரியாது கண்ணு. நீ வேணா சொல்லிக் குடு" என்ற செம்பாயி சட்டென்று நிமிர்ந்தாள். "என்ன சொன்ன? பஸ்ஸை விட்டுருவாங்களா?"

நாக்கைச் சுழற்றி அவள் போட்ட குலவையில் கம்பம் சிவந்தது. குலவை கேட்டால் பதில் குலவை போடாமல் இருக்கிற வழக்கம் அந்த மலையில் கிடையாது. மேல்வளைவுப் பெண்கள் என்ன ஏதென்று கேளாமலே போட்டார்கள். அதைக் கேட்டு அதற்கும் மேலே இருந்தவர்கள் போட்டார்கள். மேலே உச்சி வரைக்கும், கீழே அடிவாரம் வரைக்கும் கம்பங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டே போயின.

செம்பாயி குழந்தையைக் கம்பத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"நல்லா அழுடி, என் மருமகளே. பஸ்ஸு வரணும்."